உன் அப்பா கடலுக்குப் போகவில்லை

தம்பி,

நேற்று மத்தியானம் நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகு, சுவரில் மாட்டியிருந்த உன் அப்பாவின் போட்டோவைக் கழற்றி, பழைய செய்தித்தாளில் சுற்றி, துணிகளுக்கு நடுவில் பத்திரமாகச் செருகினாய். "போற துறைமுகத்துல எல்லாம் காட்டிக் கேக்கப் போறேம்மா. ஒருத்தராவது பாத்திருக்க மாட்டாங்களா?" என்றாய். நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல எழுந்து உள்ளே போனேன். நேரிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அடுப்படியிலிருந்து கதவு வரை வந்தேன். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. பேசத் தெரியாதவள் அல்ல நான். பேசிப் பேசித்தான் காரியத்தை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். அதனால் இந்த முறை எழுதுகிறேன்.

அந்தப் போட்டோவை நீ எந்தத் துறைமுகத்திலும் காட்ட வேண்டாம். உன் அப்பா கடலுக்குப் போகவில்லை. எந்தக் கப்பலிலும் அவர் ஏறியதில்லை. அவர் விழுப்புரத்தில் இருக்கிறார். பதினைந்து வருடமாக அங்கேதான் இருக்கிறார். நம் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பஞ்சர் ஒட்டுகிறார், செயின் மாட்டுகிறார், சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கிறார். நீ இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டலாம். ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே. முழுவதும் படி.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதத்தில், பொம்மையார்பாளையத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். சாப்பிட்ட பிறகு எல்லோரும் கடலுக்கு நடந்தோம். நான் முழங்கால் நனைய நின்று அலையோடு விளையாடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் உன் அப்பா வெகுதூரம் பின்னால், காய்ந்த மணலில், இரண்டு செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "வாங்களேன்" என்று கூப்பிட்டேன். "நீ ஆடு, நான் பாத்துக்கினு இருக்கேன். தண்ணின்னா எனக்குக் கொஞ்சம் ஆவாது," என்றார். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். பிற்பாடு அந்த மனிதரைத்தான் உனக்காக ஏழு கடல் தாண்டவைத்தேன்.

அவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தைகூட நான் உன்னிடம் சொன்னதில்லை என்று நீ பெருமையாகச் சொல்வாய். உண்மைதான். கெட்ட வார்த்தைகளையெல்லாம் நான் முன்னமே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லித் தீர்த்திருந்தேன். நான் பதினொன்றாம் வகுப்பு முடித்தவள், நூலகத்தில் வேலை பார்ப்பவள், தினம் நாலு பேப்பர் படிப்பவள். அவர் ஐந்தாவதோடு நின்றவர். "உங்களுக்கு இன்னா தெரியும்?" என்பது என் வாயில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது வரும். அவர் பேசும்போது நடுவில் புகுந்து திருத்துவேன். ஒருமுறை அவர் திண்டிவனத்தில் சின்னதாக ஒரு கடை போட்டு, தானே பெயிண்டும் பிரஷும் வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து பலகை எழுதி மாட்டினார். 'சைக்கில் வாடகை' என்று எழுதியிருந்தார். நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் அந்த 'ல்'லைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். "கடையைத் தொறக்கறதுக்கு முன்னாடி எழுத்தைக் கத்துக்கினு வாங்க," என்றேன். மற்றவர்களும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் கண்ணில் சிரிப்பில்லை. அன்று அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை.

அந்தக் கடை ஓடவில்லை. விழுப்புரத்தில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் வாராவாரம் வந்தார், பிறகு மாதம் ஒருமுறை. அந்தக் கடைக்குப் பக்கத்தில் இட்லி சுட்டு விற்கும் ஒரு அம்மா இருந்தார், கணவனை இழந்தவர். ஒருநாள் ஒரு கார்டு வந்தது. 'நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். மன்னித்துவிடு. பையனைப் பார்க்க வருவேன்' என்று கோணல்மாணலான எழுத்தில். அதிலும் இரண்டு பிழை இருந்தது. அப்போதும் என் கண் முதலில் அந்தப் பிழைகளில்தான் போய் நின்றது. உனக்கு அப்போது நாலு வயது. இனி பையனைப் பார்க்க வரக்கூடாது என்று நான் பதில் எழுதினேன். வந்தால் பங்குச் சாமியாரிடம் சொல்லி ஊரைக் கூட்டுவேன் என்றும் எழுதினேன். அவர் பயந்த சுபாவம். வரவில்லை.

அடுத்த வருடம் குருத்தோலை ஞாயிறு அன்று மாதா கோயில் வாசலில் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். பவனியில் மற்ற பிள்ளைகள் அவரவர் அப்பா தோள்மேல் உட்கார்ந்து ஓலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். நீ கீழே நின்று, "எங்கப்பா எங்கம்மா?" என்றாய், சத்தமாக. நாலு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் தலை குனியக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் நான் குனிந்து உன்னைத் தூக்கிக்கொண்டு, "அப்பா கப்பல்ல போயிருக்காரு கண்ணு, ரொம்ப தூரத்துக்கு," என்றேன். உனக்காகத்தான் அந்தப் பொய் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை தம்பி. அந்த நாலு பெண்களுக்காகச் சொன்ன பொய் அது. நீ அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாய், அவ்வளவுதான்.

அதோடு விட்டிருந்தால்கூட ஆறியிருக்கும். நீ விடவில்லை, எனக்கும் விட மனதில்லை. சாயங்காலம் நூலகத்தைப் பூட்டிக்கொண்டு, உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவேனே, அந்த அரை மணி நேரத்தில் கதை வளர்ந்தது. எங்கேயோ ஒரு தீவு. அதில் ஒரு மந்திரவாதி. உலகத்து மேகங்களையெல்லாம் பிடித்து ஒரு பெரிய பாறையைக் குடைந்து உள்ளே அடைத்துவைத்திருக்கிறான். அதனால்தான் நம் ஊர் ஏரிகள் காய்ந்துகிடக்கின்றன. அப்பா அவற்றை மீட்கப் போயிருக்கிறார். அங்கே அப்பா ஆறடி உயரம். எந்த நாட்டு மொழியும் படிப்பார். பாறை வாசலில் செதுக்கியிருந்த விடுகதையை மந்திரவாதியின் ஆட்களாலேயே படிக்க முடியவில்லை, அப்பா ஒரே மூச்சில் படித்துவிட்டார். சுறாமீன் முதுகில் ஒரு இரவும் ஒரு பகலும் சவாரி செய்தார். கல் யானைகளோடு சண்டை போட்டார். நீ என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பறம்? அப்பறம் இன்னா பண்ணாரு?" என்பாய். எனக்கும் நடை வேகமாகும். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. எனக்கு எப்படிப்பட்ட கணவன் வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ, அவனைத்தான் உனக்கு அப்பாவாகச் செய்து கொடுத்திருக்கிறேன். உயிரோடு இருந்த மனிதரிடமிருந்து ஒரு மயிரிழைகூட அதில் சேர்க்கவில்லை.

கதையில் ஒரு சிக்கல் வந்தது. அப்பா எப்போது வருவார் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். "மழை வந்தா அப்பா ஒரு மேகத்தை விடுவிச்சிட்டாருன்னு அர்த்தம்," என்று சொல்லிவைத்தேன். உனக்கு ஏழு வயது. அந்த ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நூலகத்துக்கு ஆளே வரவில்லை என்று நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். நீ வாசலில் கூரைத் தண்ணீர் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடச் சட்டையைக்கூட மாற்றாமல், தலை வாரி, பவுடர் பூசி உட்கார்ந்திருந்தாய். "எல்லா மேகமும் வந்துட்சிம்மா. இனிமே அப்பாவும் வந்துடுவாரு இல்ல?" என்றாய். மூன்று நாளும் அப்படித்தான் உட்கார்ந்தாய். நாலாம் நாள் காய்ச்சலில் படுத்தாய். டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே, "மழையில ஏம்மா புள்ளைய உக்கார வெச்சீங்க?" என்று கேட்டார். நான் உன் நெற்றியைத் துடைத்தேன். காய்ச்சல் விட்டதும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். காய்ச்சல் விட்டது. நீ கண் விழித்து, "ஒரு மேகம் மட்டும் உள்ளயே மாட்டிக்கிச்சி போல," என்று நீயே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னாய். நான் "ஆமாம்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றுவரை வருந்துகிறேன்.

உனக்கு நன்றாகப் படிக்க வந்த பிறகு, நான் வேலை பார்க்கும் நேரத்தில் நூலகத்தின் பழைய சிறுவர் பத்திரிகைக் கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பாய். ஒருநாள் கோபத்தில் மூக்கு விடைக்க, ஒரு கிழிந்த பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாய். சுறாமீன் சவாரி அதில் அச்சாகியிருந்தது. நான் அங்கிருந்துதான் எடுத்திருந்தேன். பிடிபட்டோம் என்று நினைத்தேன். நீயோ, "பாத்தியாம்மா! எங்கப்பா செஞ்சத எவனோ திருடி எழுதிட்டிருக்கான். பேரக்கூட மாத்திட்டான்," என்றாய். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் நம்பிக்கையை எதைக்கொண்டும் அசைக்க முடியாது என்று அன்றுதான் தெரிந்தது. அன்று முதல் எனக்கு உன்னைக் கண்டே ஒரு பயம்.

அந்த வருடம்தான் மண்டகப்பட்டுக்குப் போனோம். பாறையைக் குடைந்து செய்த கோயில் ஒன்று இருக்கிறது, பார்க்கலாம் என்று நூலகத்துக்கு வரும் ஆசிரியர் ஒருவர் சொன்னார். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய காவலாளிகள், கையில் தடியோடு. நீ என் சேலையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மெதுவாகத் தனியாக உள்ளே போனாய். உள்ளே சாமிகூட இல்லை, வெறும் மாடங்கள். வெளியே வந்து, "காலியா இருக்கும்மா. எல்லாத்தையும் தொறந்து உட்டுட்டாரு," என்றாய், ரகசியமாக. திரும்பும்போது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கித் திண்டிவனம் பஸ்ஸுக்காக நின்றோம். ஒரு பழைய டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிரே ஒருவர் வந்தார். உன் அப்பா. என்னைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார். டயர் தோளிலிருந்து சரிந்து விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. நீ அந்தப் பக்கம் திரும்புவதற்குள் நான் உன் தலையைப் பிடித்து வறுத்த மல்லாட்டைக் கடலை விற்கிறவன் பக்கமாகத் திருப்பினேன். "வேணுமா, வாங்கித் தரட்டா?" என்றேன். நீ கேட்காமலேயே நான் வாங்கிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. நீ சந்தோஷமாகத் தின்றாய். பஸ் கிளம்பும் வரை அவர் அதே இடத்தில் நின்றார்.

நான்கு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, அவர் நம் வீட்டுக்கே வந்தார். இந்தப் பகுதியை எழுதத்தான் இவ்வளவு நேரமும் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தது நீ. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "அம்மா இருக்காங்களா தம்பி?" என்ற குரல் கேட்டதும் கை அப்படியே நின்றது. வந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டை, புதிதாக வெட்டிய தலைமுடி. பக்கத்தில் ஒரு சின்னச் சைக்கிள். பல சைக்கிள்களிலிருந்து கழற்றிய பாகங்களைச் சேர்த்து அவரே கட்டியது என்று பார்த்ததும் தெரிந்தது. நீலப் பெயிண்ட் அடித்திருந்தார். "நீங்க யாரு?" என்று கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று அனுமதி கேட்கிற பார்வை. நான் சொன்னேன்: "சைக்கிள் கடைக்காரரு கண்ணு. வீடு தெரியாம வந்துட்டாரு."

அவர் மறுத்திருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். சுவரில் அவர் போட்டோவே தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணத்தன்று எடுத்த போட்டோ, இருபத்தைந்து வயது, அடர்ந்த மீசை. முன்னால் நின்றவருக்கு மீசை இல்லை, கன்னம் ஒட்டியிருந்தது. நீ ஒருமுறைகூடச் சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தலையை ஆட்டி, "ஆமாந்தம்பி. வேற வீடு போலக்கீது," என்றார். நீ சைக்கிளைச் சுற்றிச்சுற்றி வந்தாய். மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தாய். "சூப்பரா கீதுங்க. யாருக்கு?" என்றாய். "எம்பையனுக்கு," என்றார். "உங்க பையன் குடுத்து வெச்சவன்," என்றாய் நீ. அவர் உன் தலையைத் தொடக் கையைத் தூக்கினார், பாதியிலேயே எடுத்துக்கொண்டார். "வர்றேன் தம்பி. வர்றேம்மா," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். என்னையும் 'அம்மா' என்றார், அயலார் சொல்வதுபோல. பெரிய மனிதர் ஏறி ஓட்ட முடியாத சைக்கிள். குனிந்தபடி அதைத் தள்ளிக்கொண்டே தெருக்கோடி வரை போனார். நீ உள்ளே வந்து, "எங்கப்பா வந்தா எனக்கு அத விடப் பெரிசா வாங்கித் தருவாரு," என்றாய். நான் போய் மிச்ச அரிசியைக் களைந்தேன்.

பாவசங்கீர்த்தனத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். பொறாமைப்பட்டேன், கோபப்பட்டேன், புறம் பேசினேன் என்று எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால், போய்ச் சரிசெய்துவிட்டு வா என்று சாமியார் சொல்லிவிடுவார் என்ற பயம்தான்.

பிறகு நீ வளர்ந்தாய். மேகம், மந்திரவாதி எல்லாம் தானாக உதிர்ந்துபோயின. நீயும் நானும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம். கதை செத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். பதினாலாவது வயதில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அம்மா, அதெல்லாம் சும்மா சின்னப் புள்ளைக்கிச் சொன்னதுன்னு எனக்குத் தெரியும். நெஜமா அப்பா எந்தக் கப்பல்ல போனாரு, அதச் சொல்லு," என்றாய். பெரிய மனுஷன் மாதிரி, மெதுவாக. கடவுள் எனக்குத் திறந்துவைத்த கடைசிக் கதவு அதுதான். அடுப்புப் பக்கத்தில் தீப்பெட்டி கிடந்தது, அதன்மேல் ஒரு மயில் படம். "புளூ பீகாக்னு பேரு. சரக்குக் கப்பல். அதுக்கப்பறம் தகவல் இல்ல," என்றேன். நீ எழுந்து கை கழுவிவிட்டு வந்து அதை உன் நோட்டில் எழுதிக்கொண்டாய். அந்த நோட்டு இப்போதும் உன் பெட்டியில் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தும் வேண்டாம் என்றாய். கப்பல் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தாய். மந்திரவாதிக் கதையைவிட இந்தத் தீப்பெட்டிப் பொய்தான் பெரிய கேடு. சின்ன வயதில் கேட்டதை நீ வளர்ந்து தாண்டிவிட்டாய். இதன்மேல் உன் வாழ்க்கையையே தூக்கி வைத்துவிட்டாய்.

உனக்கு வேலை உத்தரவு வந்த மறுநாள், கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் விழுப்புரத்துக்குப் போனேன். அவர் கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. கடைமேல் பலகை, 'சைக்கில் வாடகை' என்று, அதே 'ல்'லோடு. இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் எழுந்திருக்க மறந்துவிட்டார். இட்லிக் கடை அம்மாதான் முதலில் ஓடிவந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்கக்கா. வெயில்ல வந்துக்கினு இருக்கீங்க," என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார். இந்தப் பெண்ணை நான் மனதுக்குள் என்னவெல்லாமோ சபித்திருக்கிறேன். தலை பாதி நரைத்திருந்தது. கை முழுக்கச் சூட்டுத் தழும்பு.

"பையன் கப்பல்ல வேலைக்குப் போறான்," என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உன் அப்பா டியூபைத் தொட்டி விளிம்பில் மாட்டினார். பிறகு, "கப்பலா? தண்ணிக்கு அவன் பயப்படறதில்லியா?" என்றார். "இல்ல," என்றேன். "அது எங்கிட்டருந்து போவல போல. நல்லதாப் போச்சி," என்றார். அப்புறம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். குருத்தோலை ஞாயிறு, மேகம், மழையில் நீ உட்கார்ந்தது, தீப்பெட்டி எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கதை கேட்கிற பிள்ளை மாதிரியே கேட்டார். சுறாமீன் இடம் வந்தபோது, "நானா?" என்று சிரித்துவிட்டார். கடைசியில், "அந்த ஆளு இன்னா ஆனான், முடிவுல?" என்றார். "முடிக்கலீங்க," என்றேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவரிடம் பணிவாகப் பேசுவது எனக்கே புதிதாக இருந்தது. "அப்ப அப்படியே உட்டுடு. அவன் மனசுல நான் அந்த ஆளாவே இருந்துட்டுப் போறேன். பஞ்சர் ஒட்றவன எதுக்குக் காட்டப் போற? பாத்தா பாவம், அவனுக்குத்தான் பேஜாரு," என்றார்.

நான் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை, தம்பி. உன் அப்பா நல்லவர் என்று இப்போது புதிதாக ஒரு கதை கட்ட வரவில்லை. அவர் உன்னை விட்டுப் போனவர்தான். ஒருமுறை வந்து, நான் ஒரு வார்த்தை சொன்னதும் திரும்பிப் போனவர்தான். பயந்தாங்கொள்ளி. பிழையில்லாமல் நாலு வரி எழுதத் தெரியாதவர். அவர் உன்னை விட்டதற்குப் பொறுப்பு அவருடையது. அதை மன்னிப்பதா வேண்டாமா என்பது உன் பாடு. ஆனால் நான்கு மாதம் உட்கார்ந்து உனக்கென்று ஒரு சைக்கிள் கட்டியது அவர்தான், ஆறடி வீரன் அல்ல. அந்த வீரன் உனக்காக ஒரு துரும்பைக்கூட நகர்த்தியதில்லை. அவன் என் வாயிலிருந்து வந்தவன். உன்னை மழையில் உட்காரவைத்தவன் அவன்.

உனக்கும் நாளைக்கு ஒரு வீடு, பிள்ளை என்று வரும். மாதக்கணக்கில் கடலில் இருக்கப் போகிறவன் நீ. உன் பிள்ளைக்கு எழுதும்போது அலை மலை உயரம் வந்தது என்று எழுதாதே. இன்று சோறு குழைந்துபோயிற்று, தலை சுற்றி வாந்தி எடுத்தேன், மேலதிகாரியிடம் திட்டு வாங்கினேன் என்று எழுது. உன் மனைவி உன்னைவிடக் குறைவாகப் படித்திருந்தால் நாலு பேர் எதிரில் அவளைத் திருத்தாதே. அதிகமாகப் படித்திருந்தால் அவளிடம் கேட்டுக் கற்றுக்கொள், ஓடிப்போய்விடாதே. இதற்கு மேல் உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இதைச் சொல்லவே கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னும் ஒன்று. நீ எந்த ரயிலில், எந்த நாளில் போகிறாய் என்று அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். "நான் வர மாட்டேன், என்னால முடியாது," என்றார். நான் பஸ் ஏறப் போகும்போது அந்த அம்மா பின்னாலேயே ஓடிவந்து, "அவுரு அப்படித்தான் சொல்வாருக்கா. நான் இட்டுக்கினு வர்றேன். வண்டி எவ்ளோ நேரம் நிக்கும்?" என்று கேட்டார். விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றுவார்கள், எப்படியும் கால் மணி நேரம் நிற்கும் என்றேன்.

நான் கேட்டுக்கொண்டபடி வண்டி புறப்பட்டதும் இதைப் பிரித்திருந்தால், இந்நேரம் முண்டியம்பாக்கம் தாண்டியிருப்பாய். பிளாட்பாரத்தில் போட்டோவில் இருக்கும் முகத்தைத் தேடாதே. ஒல்லியாக, கொஞ்சம் கூன் விழுந்து, நகக்கண்ணில் கிரீஸ் கருப்பு போகாத ஒருவர் ஒரு பெண்ணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பார். இறங்குவதும் இறங்காததும் உன் விருப்பம். இறங்கினால் அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதில்லை. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசாமல் நில், அவருக்கும் பேச வராது. இறங்க மனம் ஒப்பவில்லை என்றாலும் தப்பில்லை, உன் கோபம் நியாயமானதுதான். ஜன்னலை மட்டும் சாத்திவிடாதே. அவர் உன்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

அம்மா